வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குத் தண்ணீர் நிலவரம்

இன்றைக்கும் அந்த வீடியோ வந்தது. பாலாற்றில் வெள்ளம் என்று மூன்று வாரமாக எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் படூர் அடுக்குமாடிக் குரூப்பில் இரண்டு தடவை, மருமகளின் சித்தியிடமிருந்து ஒரு தடவை, இன்று காலை இஸ்திரி போடுகிறவரிடமிருந்து ஒரு தடவை. வெள்ளம் எப்போதோ வடிந்துவிட்டது, வீடியோ வடிகிற வழியாக இல்லை. பின்னணியில் சினிமாப் பாட்டு வேறு. தண்ணீரின் இரைச்சலைக் கேட்கவிடாமல் அது கத்துகிறது.

முதல் தடவை அதைப் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை. மணி பன்னிரண்டே முக்கால். பழுப்புத் தண்ணீர் பாலத்துத் தூண்களில் மோதிச் சுழித்துக்கொண்டு ஓடியது. ஒரு மணி ஆகப்போகிறதே, உனக்குச் சொல்ல வேண்டுமே என்று எனக்குள் ஒரு பரபரப்பு வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்த வாசம் வந்ததும் மருமகள் ஓடிவந்து அணைத்தாள். "இன்னா அத்த, நின்னுகினே தூங்கறீங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வயதில் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபமாக இருக்கிறது.

நேற்று நான் ஆற்றுக்குப் போய் வந்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்றையதை மட்டும் சொன்னால் கணக்கு நேராகாது. நாற்பது வருஷத்துக்கு மேலாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதுகு ஒத்துழைக்கிற வரை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்குக் காலை ஆறு மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரை வேலை. ஊரில் யார் போனை எடுத்தாலும் என் முன்னால் இருக்கிற போர்டில் அவர்கள் எண்ணுக்கு நேராக ஒரு சின்ன மூடி விழும். "நம்பர் ப்ளீஸ்" என்பேன். கேட்ட இடத்தில் கம்பியைச் செருகிவிடுவேன். தலையில் மாட்டிய ஹெட்போன் காதை அமுக்கி அமுக்கி, வீட்டுக்குப் போனபிறகும் யாரோ கூப்பிடுவது போலவே இருக்கும். தற்காலிக வேலைதான். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் இரண்டு தம்பிகளும் அந்தத் தற்காலிகத்தை நம்பித்தான் சாப்பிட்டார்கள்.

நீ அரிசி மண்டிக்காரர் வீட்டு மருமகள். முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு. போன் மண்டியில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு உங்கள் மூடி விழுந்தது. வழக்கமாக உன் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நம்பர் சொல்வார். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. மறுபடி "நம்பர் ப்ளீஸ்" என்றதும், கிசுகிசுவென்று ஒரு பெண் குரல் கேட்டது.

"எம்மா, வாணியம்பாடி கெடைக்குமா? எங்கம்மா வூட்டுக்குப் பக்கத்துல தோல் கெடங்குல போன் கீது. நம்பரு தெரியாது."

டிரங்க் கால் பதிந்தால் ஒரு மணி நேரம் ஆகும், நம்பர் தெரியாவிட்டால் அதுவும் ஆகாது என்றேன். ஆண்கள் எல்லோரும் ஜும்மாவுக்குப் போயிருக்கிறார்கள், முக்கால் மணியில் திரும்பிவிடுவார்கள் என்றாய்.  பிறகு நீ, "லைன் கெடைக்கலன்னா இன்னா, நீ பேசேன்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைத்தெருவே பள்ளிவாசலில் இருக்கிற நேரம், போர்டு தூங்கிக்கொண்டிருந்தது, சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். பேசினேன். அடுத்த வெள்ளியும் பேசினேன். என் பெயரை நீ கடைசிவரை சொன்னதில்லை. "இன்னாடி நம்பர்" என்றுதான் கூப்பிட்டாய்.

பத்து மாதம் பேசியபிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன். உங்கள் ஸபர் மாதத்துக் கடைசிப் புதன். ஒடுக்கத்துப் புதன் என்று நீ ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாய். அன்றைக்கு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் மாவிலையில் குர்ஆன் வசனம் எழுதி வாங்கி, தண்ணீரில் கரைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டால் பீடை கழியும் என்று உன் மாமியார் நம்பினார். "இதெல்லாம் மார்க்கத்துல எங்க கீது?" என்று உன் வீட்டுக்காரர் ஒவ்வொரு வருஷமும் முணுமுணுப்பாராம். அம்மாவை எதிர்க்க முடியாமல் வண்டி கட்டித் தருவாராம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் உனக்கு வாசற்படிக்கு வெளியே.

நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். மாசி வெயில். பாலாறு முழுக்க மணல், நடுவில் கணுக்கால் தண்ணீர் வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. திரை கட்டிய மாட்டுவண்டியிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். நான் யார் என்று உனக்கு யாரும் காட்டவில்லை. "நம்பர் ப்ளீஸ்" என்றேன். நீ போர்த்தியிருந்த துப்பட்டியை உன் நாத்தனார் தலையில் எறிந்துவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாய். இவ்வளவு குள்ளமாக இருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை.

தேக்சாவில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. உன் மாமியார் குடைக்குக் கீழே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நீ கட்டிய புடவையோடு தண்ணீரில் போய் மல்லாந்து படுத்துவிட்டாய். தண்ணீர் உன் காதுக்கு மேலே ஏறவில்லை. "ஏந்திரிடி, சளி புடிக்கும்" என்றேன். "போடி. இது எங்கம்மா வூட்டுத் தண்ணி. வாணியம்பாடிலேந்து என்ன பாக்க வந்துகினு கீது" என்றாய். அப்புறம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே அழுதாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு எதற்கு அழுகை வந்தது என்று தெரியாது, களைப்பாக இருந்திருக்கும்.

நாலு வருஷம் அப்படி வந்தோம். நான் எக்ஸ்சேஞ்சில் இருப்பவள் என்று உன் வீட்டில் யாருக்கும் நீ சொல்லவில்லை. உங்கள் மாதம் வருஷத்துக்கு வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். மாசிக் கடைசியில் வந்த புதன் எழுபதுகள் முடியப்போகிற நேரத்தில் தை பத்துக்கு வந்துவிட்டது. பொங்கல் கழிந்தும் மழை விடாத வருஷம் அது. இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஓர் அரசாங்க ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்குப் போன பேச்சு என் காதில் விழுந்தது. மேலே ஏரிகள் உடைத்துக்கொண்டு, தண்ணீர் வாலாஜாபாத்தைத் தாண்டிவிட்டது என்றார் ஒருவர். லைனில் கேட்டதை வெளியே சொன்னால் வேலை போய்விடும். சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நாற்காலியில் உட்காரவிட்டார்கள்.

எட்டு மணிக்கு, மண்டி திறக்குமுன், நீ கூப்பிட்டாய். "வண்டி ரெடி. கெளம்பட்டுமாடி?"

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன். "தண்ணி வருதாம்டி. யார்கிட்டயும் சொல்லாத. ஆனா பயப்படாத. பொழுது போனப்புறம்தான் வந்து சேரும். நாலு மணிக்குள்ள ஏறிடுங்க."

எப்படி அவ்வளவு தைரியமாகச் சொன்னேன்? நான் பாலாற்றங்கரைக் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் அல்லவா, அந்தத் திமிர். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள திமிர்தான் அது. பாலாற்றுத் தண்ணீர் மாமியார் வீட்டுக்குப் போகிற பெண் மாதிரி நின்று நின்றுதான் வரும், பாதியை மணல் குடித்துவிடும், வருகிறது என்று சொன்னால் நாளைக்கு வரும் என்று பேசியே வளர்ந்தவர்கள் நாங்கள். காய்ந்த மணலுக்குத்தான் அந்தப் பேச்சு பொருந்தும். இரண்டு மாதம் மழையில் ஊறிக் கிடந்த மணல் எதைக் குடிக்கும்? அது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மணிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. நான் போர்டில் உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது என்று இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"சத்தமே இல்லடி. வைக்கோலும் நொரையுமா பாம்பு மாதிரி வந்துச்சு. நாங்க திட்டு மேல ஒக்காந்துகினு கீறோம். பின்னாடி பாத்தா அந்தப் பக்கமும் தண்ணி. எங்க மாமியார வண்டிக்காரரு தூக்கிகினாரு. வெள்ளரி போடறவங்க நாலு பேரு ஓடியாந்து கொழந்தைங்கள தோள்ல வெச்சிகினாங்க. எனக்கு இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. தேக்சா போச்சு. பாயி போச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆவல. அல்லா காப்பாத்தினான்."

உன் மாமியாருக்கு இடுப்பில் அடி. உன் நாத்தனார் பிள்ளைக்குக் காய்ச்சல். உன் வீட்டுக்காரர் கேட்டாராம், தண்ணி வரும்னு ஊரே பேசிகினு இருந்துச்சே, ஒங்க யாருக்கும் தெரியாதா என்று. உன் மாமியார் உன்னைக் கைகாட்டினார். காலையில் நீதான் போனில் பேசிவிட்டு, நாலு மணி வரைக்கும் பயமில்லை என்று வந்து சொன்னாய் என்றார். யாரிடம் பேசினாய் என்று உன் வீட்டுக்காரர் கேட்டார்.

"நா சொல்ட்டேன், போன்ல எங்கம்மா வூட்டுக்கு கேட்டேன், கெடைக்கல, நானா சொன்னதுதான்னு. வாணியம்பாடிக்காரி எனக்குத் தெரியாதா ஆறுன்னு சொல்ட்டேன். ஒம் பேர சொல்லியிருந்தா ஒஞ்சீட்டு கிழிஞ்சிருக்கும்டி."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. இனிமே ஆத்தங்கர பக்கம் தல வெச்சுப் படுக்கக் கூடாதுன்ட்டாரு. ஒரு நாளு தான்டி இருந்துச்சு எனக்கு. அதுவும் போச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் பெயரைச் சொல்லிவிடு, நானே வந்து உன் வீட்டுக்காரரிடம் பேசுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன என்று உனக்கு நினைவிருக்கும். "வேற மூடி விழுது, வைக்கிறேன்" என்றேன். எந்த மூடியும் விழவில்லை. வேலை தப்பித்தது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த வருஷமே அதை நிரந்தரமாக்கினார்கள். தம்பிகள் படித்தார்கள். முப்பத்தைந்து வருஷம் அந்த இலாகாவில் இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நீ கேட்டது ஒரே கேள்வி. "ஆத்துல இன்னா தண்ணி?"

முதல் ஆறு மாதம் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் மதுராந்தகம் பஸ்ஸில் ஏறிப் பாலத்தண்டை இறங்குவேன். பாலத்து நிழலில் கோர்ட்டு குமாஸ்தாக்கள் துண்டை விரித்துச் சீட்டாடுவார்கள். டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கேட்கிற கூட்டம் தனியாக இருக்கும். வண்ணார்கள் துணி காயப்போட்ட இடத்தில் ஒரு குடும்பம் கட்டுச்சோறு பிரித்துக்கொண்டிருக்கும். ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, தெளிகிறவரை இறைத்துவிட்டுக் குடத்தில் மொள்ளுவார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போய் உனக்குச் சொல்வேன். வெள்ளரிக்காரர்கள் விதை போட்டுவிட்டார்களா என்பதுகூட உனக்குத் தெரிய வேண்டும். "அவுங்களுக்கு ஒரு சலாம் சொல்லு" என்பாய்.

அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆனது. மாமியார் வீட்டில் ஏழு பேருக்குச் சமைத்துவிட்டு ஐந்தரைக்குக் கிளம்பி, எட்டு மணி நேரம் காதை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து, திரும்பப் போய் மறுபடி சமைக்க வேண்டும். ஒரு வியாழன் போகவில்லை. கேட்டாய். "கணுக்கால் தண்ணி ஓடுதுடி, தெளிவா" என்று சொல்லிவிட்டேன். நீ சந்தோஷப்பட்டாய். அடுத்த வியாழனும் போகவில்லை. அப்படியே பழகிவிட்டது. உட்கார்ந்த இடத்தில் உனக்கு ஆறு ஓடவிட்டேன். சித்திரையில் மணல் வெந்துகொண்டிருந்தபோதுகூட முழங்கால் அளவு விட்டேன். என்மேல் எனக்கே எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் பஸ் ஏறுகிற தெம்பு இல்லை.

அந்த வருஷ மார்கழியில் ஆபீஸில் எல்லோரும் மகாபலிபுரம் போவது என்று முடிவானது. உன்னிடம் சொன்னேன். நீ கேட்டாய்.

"அங்கேந்து பக்கம்தானே? பாலாறு கடல்ல சேர்ற எடம்? சதுரங்கப்பட்டணம் தாண்டி எங்கியோ கீதாமே. நம்பர், எனக்காக ஒரே ஒரு தபா போய்ப் பாத்துட்டு வந்து சொல்றியா? எங்க வூட்டுல ஓடுற தண்ணி எங்க போய் முடியுதுன்னு நா பாத்ததே இல்லடி."

போகிறேன் என்று சத்தியம் செய்தேன். மகாபலிபுரத்தில் பஸ் விட்டு இறங்கும்போதே எனக்குத் தலை சுற்றல். வயிற்றில் மூன்று மாதம். மற்றவர்கள் கல் ரதங்களைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். நான் கடற்கரையில் சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன். தெற்கே போகிற பஸ் ஒன்று கிளம்பியது. நடத்துநர் கூவுவது காதில் விழுந்தது. எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு உனக்கு என்ன சொன்னேன்? ஆறு அகலமாக விரிந்து போகிறது என்றேன். கடலில் சேர்கிற இடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாக நிற்கிறது, ஒரு பக்கம் செம்மண், ஒரு பக்கம் நீலம், நடுவில் கோலக்கோடு போட்ட மாதிரி இருக்கிறது என்றேன். இரண்டும் கலக்க மனசில்லாமல் நிற்கிறது என்று வேறு சொன்னேன். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு எனக்கு!  "நல்லா இருந்துச்சுடி" என்றாய். "நா போய் வந்த மாதிரியே கீது."

பிறகு தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. மூடி விழுவது நின்றது. எனக்கு மாற்றல், உனக்குப் பிள்ளைகள். கல்யாணங்களில் மூன்று தடவை பார்த்துக்கொண்டோம். உன் வீட்டுக்காரர் போனபிறகு, ஒரு நாள் காரில் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டேன். உனக்குச் சர்க்கரையில் கால் வீங்கியிருந்தது. "நீதான் பாத்துட்டு வந்து சொல்லிட்டியே, போதும்டி" என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தபோது உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா மவுத்தாவறதுக்கு நாலு நாளு முன்னகூட சொல்லிகினு இருந்துச்சு ஆன்ட்டி. பாலாறு கடல்ல சேர்ற எடத்துல தண்ணி ரெண்டு கலரா நிக்குமாம். நம்பர் பாத்துட்டு வந்து சொன்னாடின்னு எங்க பசங்களுக்கெல்லாம் சொல்லும்." டீ கொடுத்தாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அதனால்தான் நேற்று போனேன். மகன் காரில் கூட்டிப்போனான். மகாபலிபுரம் தாண்டி, கல்பாக்கம் தாண்டி, ஆற்றுப் பாலம். ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்குச் சிறுசேரி ஆபீஸ் பேச்சு இருந்தது. மீனவர் குப்பத்து மண் பாதையில் காரை நிறுத்திவிட்டு, "பத்து நிமிஷம்மா" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டான். நான் இறங்கி நடந்தேன். மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், ஆறு கடலில் சேர்கிற இடம் எங்கே என்று கேட்டேன்.

"அந்த முள்ளுக்காட்ட தாண்டிகினு போவணும் ஆயா. அர மைலு வரும். ஒன்னால ஆவாது."

"ஆவும்" என்றேன்.

"போய் இன்னா பாக்கப் போற? தண்ணில தண்ணி சேருது. அவ்ளோதான்."

இப்போது நிலவரம் சொல்கிறேன், கேட்டுக்கொள். பாலத்துக்குக் கிழக்கே தண்ணீர் இருக்கிறது. ஆழம் தெரியாது, நான் இறங்கவில்லை. நிறம் கலங்கல் பச்சை. ஓடவில்லை, நின்றுகொண்டிருக்கிறது. கரையில் கோரை, பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்பு. இரண்டு ஆண்கள் தூண்டில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி குழந்தையின் காலைத் தண்ணீரில் நனைத்து நனைத்துச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். முள்ளுக்காட்டுக்குப் பாதி தூரம் போனேன். மணலில் கால் புதைந்தது. மூச்சு வாங்கியது. உட்கார்ந்துவிட்டேன். அந்த மீன்காரப் பெண் பின்னாலேயே வந்து தண்ணீர் கொடுத்தாள், திட்டிக்கொண்டே.

அங்கே தண்ணீர் என்ன நிறத்தில் நிற்கிறது என்று அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. அவளிடம் கேட்டு உன்னிடம் சொன்னால் அதுவும் பார்க்காமல் சொல்கிற பழைய வேலைதான்.

காட்டுக்கு அந்தப் பக்கம் இரைச்சல் கேட்டது. கடலாக இருக்கும். அதற்குமேல் எனக்குத் தெரியாது. அந்த இரண்டு நிறத்தை நான் அன்றைக்கும் பார்க்கவில்லையடி. நேற்றும் பார்க்கவில்லை.